நாற்பத்தேழாம் நம்பர் பெட்டி

"அண்ணே, உங்க மாமனாரோட பல்லு இங்கேயே சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு!"

மாப்பிள்ளை போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். உணவகத்தின் கண்ணாடிக் கதவுக்கும் ஒரு பித்தளைத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நின்றிருந்தார். உள்ளே குடும்பம் மொத்தமும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாகிவிட்டது.

"என்னம்மா சொல்றே? காலையில நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்?"

"நீங்க குடுத்தது நாற்பத்தேழு அண்ணே. மாமாவோடது நாற்பத்தாறு. அது இங்கே மேஜை மேல இருக்கு."

"இடது பக்கம் இருந்ததுதானே நாற்பத்தாறு?"

"ராத்திரி வரைக்கும் இடது பக்கம்தான் இருந்துச்சு. காலையில மேஜையைத் துடைச்சேன். துடைச்சுட்டு மாத்தி வெச்சுட்டேன் போலிருக்கு. மூடி மேலயே நம்பர் ஒட்டியிருக்கே அண்ணே, பார்த்து எடுக்கக் கூடாதா?"

அவருக்கு அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை என்பதே பெயராகிவிட்டதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தொழில், பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் லேப்பில் உட்கார்ந்து அதற்குப் பல் கட்டி, ஈறுக்கு நிறம் கொடுத்து, வெள்ளைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார். பாலிஷ் போடுவதற்கு ஒரு பெண்மணி இருந்தார். இப்போது போனில் பேசியது அவர்தான். அச்சோடு யாருடைய பெயரும் வராது, எண் மட்டும்தான் வரும். எத்தனையோ பேர் அவர் கட்டிய பல்லால் மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

தெரிந்தது நாற்பத்தாறு மட்டும். அது மாமனார்.

நாற்பத்தேழு யாரோ ஒரு அம்மாள். சீட்டில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான்: 'பெண், வயது அறுபத்திரண்டு, மேல் செட். இடது கோரைப்பல் லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். நோயாளியின் விருப்பம்.' வருகிறவர்கள் எல்லோரும் முத்துக் கோத்தது போல வேண்டும் என்றுதான் கேட்பார்கள். கோணலாக வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அந்த அம்மாள். அந்த ஒரு பல்லை மாப்பிள்ளை பதினோரு தடவை பிடுங்கிப் பிடுங்கி நட்டார். கடைசியில் அது அமைந்தபோது, தானே தட்டிக்கொடுத்துக்கொள்ள முதுகு எட்டவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அந்தப் பல் இப்போது மாமனார் வாயில்! சின்னத் தாடைக்குக் கட்டியது, பெரிய தாடையில். ஒரு கடி கடித்தால் போதும், ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், தட்டில் வந்து விழும்.

வேறு யாருடைய வாயாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். மாமனார் ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வராது, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருக்கும். அவர் தன் இளைய மாப்பிள்ளையைப் பன்னிரண்டு வருஷமாக வெளியாட்களிடம் "மெடிக்கல் லைன்ல இருக்கார்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். பல் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. போன மாதம்தான் அவரே லேப்புக்கு வந்தார்.

"பழைய செட்டு விசிலடிக்குது மாப்பிள்ளை," என்றார். அதைச் சொல்லும்போதே விசில் அடித்தது. "எங்க நாற்பதாவது கல்யாண நாளுக்கு நான் நாலு வார்த்தை பேசணும். சுத்தமாப் பேசணும். பேசி முடிச்சுட்டு, இது என் சின்ன மாப்பிள்ளை கட்டின பல்லுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்."

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வார்த்தை. அதைத்தான் இப்போது தன் கையாலேயே பெட்டியோடு மாற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

"நீ ஒண்ணு பண்ணு," என்றார் போனில். "நாற்பத்தாறை எடுத்துக்கிட்டு உடனே இங்கே வா. பல்லுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. வாசல்ல இருக்கற சர்வர்கிட்ட, சின்ன மாப்பிள்ளைகிட்ட குடுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிடு. மாமாவைக் கை கழுவுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் நான் மாத்திடறேன்."

"தெரியாம கொண்டுவந்துடறேன் அண்ணே, கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று அந்தப் பெண்மணி சொன்ன நாளெல்லாம் ஏதாவது நடந்திருக்கிறது. அதை யோசிக்க நேரமில்லாமல் மாப்பிள்ளை உள்ளே போனார்.

உணவகத்தைத் தேர்ந்தெடுத்தவர் சகலை. அதாவது மூத்த மருமகன். விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலை. 'நவீன இந்திய உணவு' என்று வாசலில் எழுதியிருந்தது. இந்திய உணவு எது என்பது பெயரில் தெரிந்தது, நவீனம் எது என்பது தட்டில் தெரிந்தது. தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருங்கல் பலகை இருந்தது.

"எங்கே போயிட்டீங்க?" என்றாள் மனைவி.

"லேப்ல இருந்து போன்."

"இன்னிக்குமா? உட்காருங்க."

மாமனார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு பக்கப் பேச்சு, மடித்து வைத்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். பக்கத்தில் அத்தை, அதாவது மாமியார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் அவர் அதிகம் பேசியதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். எதைக் கேட்டாலும் ஒரு "ம்." சிரிக்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பி, முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். உண்மையான டாக்டர் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்ற மனக்குறை என்று இவராகவே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவோடு வாழப் பழகியிருந்தார்.

காலையில் பெட்டியை ஜன்னல் கம்பி வழியாக வாங்கிக்கொண்டதும் அத்தைதான். வெளியே வண்டியில் இருந்து மனைவி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இன்னிக்கு விசேஷத்துக்கு வேணுமேன்னு அவசரமா முடிச்சுக் கொண்டுவந்தேன். சரியா இருக்கான்னு பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார். அத்தை மூடியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கண் கலங்கினது போலிருந்தது. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருப்பார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

"மாமா," என்று மெல்லக் குனிந்தார் இப்போது. "அந்தப் பல்லு விஷயம்..."

மாமனார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பல்லு விஷயம் இன்னிக்குப் பேச வேண்டாம் மாப்பிள்ளை. நல்ல நாள். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."

அதில் இருந்தது 'பேச', 'பேசி' என்ற இரண்டு சின்னச் 'ச'க்கள்தான். இரண்டிலும் விசில் அடித்தது. மாப்பிள்ளைக்கு உறுதியாகிவிட்டது. கட்டியது பொருந்தவில்லை என்று மாமனாருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம் என்று நாளைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முதல் பதார்த்தம் வந்தது. ஆளுக்கு ஓர் உருண்டை. கறுப்பு ஏப்ரன் கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க சர்வர், உயில் வாசிக்கிற வக்கீலைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இதை அப்படியே முழுசா வாயில போட்டு ஒரே கடியா கடிக்கணும். உள்ளே ரசம் இருக்கு. கடிக்கும்போது வர்ற சத்தம்தான் இதோட அழகு."

மாமனார் உருண்டையை எடுத்தார். வாய் திறக்கப்போகிற நேரம், மாப்பிள்ளையின் கை மின்னலாகப் போய் அதைப் பறித்தது.

மற்றவர்களின் உருண்டைகள் பாதி வழியில் நின்றன.

"அத்தைக்கு... அத்தைக்கு இது ரொம்பப் பிடிக்குமே," என்றார் மாப்பிள்ளை. பறித்ததை அத்தையின் கல்லில் வைத்தார்.

"எங்கம்மா இதுக்கு முன்னாடி இதைப் பார்த்ததே இல்லையேங்க," என்றாள் மனைவி.

அத்தை மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, முந்தானைக்குப் பின்னால் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு கறுக். மாப்பிள்ளையின் கண் மாமனாரின் உதட்டை விட்டு நகரவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகப் பறிக்க முடியாது என்பது விளங்கியது. எழுந்து சர்வரை ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தப் பெரியவருக்கு மொறுமொறுன்னு எதுவும் வைக்காதீங்க."

"அலர்ஜியா சார்?"

"ஆமா. அப்படித்தான் வெச்சுக்கங்க."

"எதுக்கு சார்? கடலையா, பாலா, கோதுமையா?"

"கடிச்சா சத்தம் வர்ற எல்லாத்துக்கும்."

சர்வர் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் தலைமைச் சமையல்காரரே உயரத் தொப்பியோடு வந்துவிட்டார்.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு அலர்ஜி கேள்விப்பட்டதில்லை சார். சாப்பிட்டா என்ன ஆகும்? வீங்குமா?"

"விழும்."

"எது சார்?"

"அவர்தான். மயங்கி விழுவார்."

சமையல்காரரின் முகம் வெளுத்தது. "நாங்க பார்த்துக்கறோம் சார்," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பதார்த்தம் வருவதற்கு முன்னால், மாமனார் முன்பு ஒரு சின்ன மரக்கட்டை வந்து உட்கார்ந்தது. அதில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்றார் மாமனார்.

"உங்க பாதுகாப்புக்கு சார்."

மற்றவர்களுக்கெல்லாம் மண்சட்டியில் வறுவலும் பொரியலும் வந்தன. அவருக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் வெள்ளை நுரை வந்தது. அதற்கடுத்து மற்றவர்களுக்கு மரக்கிளையில் தொங்கவிட்ட மொறுமொறுப்பான ஏதோ ஒன்று. அவருக்குப் பச்சை நுரை. மூன்றாவதாக மஞ்சள் நுரை வந்தபோது மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சவரம் பண்ணிக்கவா என்னைக் கூப்பிட்டீங்க?"

சவரத்தில் அடித்த விசிலுக்குப் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். சகலை சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"சர்வர் சொல்றார், மாமாவுக்கு சத்தம் அலர்ஜின்னு சின்ன மாப்பிள்ளை சொன்னாராம்," என்று போட்டு உடைத்தார் சகலை. "முப்பத்திரண்டு வருஷம் ஒலிபெருக்கி முன்னாடி இருந்தவருக்கு!"

"நீங்களா சொன்னீங்க?" மனைவியின் குரலில் வீட்டுக்குப் போனதும் தொடரும் என்ற தொனி இருந்தது. மேஜைக்கடியில் மாப்பிள்ளையின் கால் மிதிபட்டது.

"இல்ல... வயசாகுதே, ஜீரணத்துக்கு நல்லதுன்னு..."

"எனக்கா வயசாகுது?" என்றார் மாமனார்.

போன் அதிர்ந்தது. தப்பித்தோம் என்று மாப்பிள்ளை எழுந்து, தூணுக்குப் பின்னால் போய் எடுத்தார். பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண்.

"சார், நாற்பத்தேழு அனுப்பலையே நீங்க?"

"அது... வந்து... ஒரு சின்ன வேலை பாக்கி..."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க! அந்தம்மா பாவம் சார். இன்னிக்கு வீட்டு விசேஷமாம், காலையிலேயே வந்து வாங்கிக்கறேன்னு மூணு தடவை சொன்னாங்க. பழைய செட்டு லூஸா இருக்குன்னு எத்தனையோ வருஷமா யார் முன்னாடியும் சிரிச்சதில்லையாம். இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடாம சிரிக்கணும்னு சொன்னாங்க. இப்ப ஆளையும் காணோம். இருங்க, இன்னொரு தடவை போன் போட்டுப் பார்க்கறேன்."

மாப்பிள்ளை தூணில் சாய்ந்தார். இவ்வளவு நேரம் தன் மானத்துக்காகத்தான் பயந்துகொண்டிருந்தார். எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒரு அம்மாள், உறவெல்லாம் கூடியிருக்கிற நாளில் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாளே என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். பதினோரு தடவை நட்ட பல். அவர் தன் வாழ்நாளில் கட்டியதிலேயே நல்ல பல். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மேஜைக்குத் திரும்பினார். யாருடைய கைப்பைக்குள்ளோ ஒரு போன் உறுமி அடங்கியது.

"மாமா, கை கழுவ வரீங்களா?" என்றார்.

"நுரைக்கு எதுக்கு கை கழுவணும்?"

"இல்ல, சும்மா. காத்தோட்டமா இருக்கும்."

"கை கழுவுற இடத்துலயா?"

சகலை மறுபடியும் தண்ணீர் குடித்தார். மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். பாலிஷ் பெண்மணியைக் காணோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மாமனார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். நாலு பக்கப் பேச்சை விரித்தார். அறிவிப்பு வரப்போகிறது என்று தெரிந்து குடும்பம் பெட்டி படுக்கையோடு தயாராவதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி, இவளைப் பொண்ணு பார்க்கப் போனேன்," என்று ஆரம்பித்தார். விசில். "மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் சிரிச்சா." விசில், விசில். "அந்தச் சிரிப்புல ஒண்ணைப் பார்த்தேன். பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன். அது என்னன்னா..."

அந்த இடத்தில் அவர் ஒரு பெரிய மூச்சு இழுத்தார். கன்னம் உப்பியது. மேலுதடு தூக்கியது. பல் விழப்போகிறது, இதோ விழுகிறது என்று மாப்பிள்ளைக்குப் பட்டது. கையில் கிடைத்தது தண்ணீர்க் கூஜா. யோசிக்கவில்லை. சாய்த்துவிட்டார்.

நாலு பக்கமும் நனைந்து மை கரைந்து ஓடியது. சிவப்புக் கொடி மிதந்தது.

"ஐயோ, கை தவறிடுச்சு மாமா! நான் துடைச்சுடறேன்!"

மாமனார் நனைந்த காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"விடுங்க மாப்பிள்ளை," என்றார். "நான் சாப்பிடறதும் உங்களுக்குப் பிடிக்கலை. பேசறதும் பிடிக்கலை. என்ன குத்தம் பண்ணினேன்னு தெரியலை. ஒரு மாசமா மனப்பாடம் பண்ணினேன்."

அத்தையின் தலை குனிந்தது. முந்தானை வாயிலேயே இருந்தது. மனைவியின் கண்ணில் தண்ணீர் நின்றது. சகலைகூட இந்தத் தடவை தண்ணீர் குடிக்கவில்லை. நிலம் பிளந்து விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சொல்லிவிடுவோம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார்.

அப்போது விளக்குகள் மங்கின.

சமையலறைக் கதவு இரண்டாகத் திறந்தது. சர்வரும் தலைமைச் சமையல்காரரும் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் மேல் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு. கூண்டு நிறையப் புகை. பின்னால் வந்த நாலு பேர் கை தட்டினார்கள். சுற்றியிருந்த மேஜைகளில் எல்லோரும் திரும்பினார்கள்.

"நாற்பதாவது கல்யாண நாள் வாழ்த்துகள்!" என்றார் சர்வர். மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "சின்ன மாப்பிள்ளையோட ரகசிய ஏற்பாடு. இப்பத்தான் ஒரு அம்மா வாசல்ல கொண்டுவந்து குடுத்துட்டு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாங்களும் சேர்ந்து கொஞ்சம் அழகு பண்ணினோம்."

மாப்பிள்ளை பாதி எழுந்தார். "வேண்டாம்," என்றார். கை தட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

கண்ணாடி உயர்ந்தது. புகை நாலாபக்கமும் வழிந்து இறங்கியது. உள்ளே, ரோஜா இதழ்களுக்கு நடுவே, சிவப்பு வெல்வெட் நகைப் பெட்டி ஒன்று இருந்தது. பல்லுன்னு தெரியக் கூடாது என்று சொன்னதை அந்தப் பெண்மணி அவ்வளவு விசுவாசமாக நிறைவேற்றியிருந்தார்.

"நகையா!" என்றாள் மூத்த மகள்.

"ஆரமா இருக்கும்," என்றார் சகலை. அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அவர் வாங்கி வந்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

"நீங்க எங்கிட்டகூடச் சொல்லலையேங்க!" மனைவியின் கண்ணில் நின்ற தண்ணீர் இப்போது வேறு காரணத்துக்காக வழிந்தது. மிதிபட்ட கால் மேல் அவள் கால் மெத்தென்று வந்து உட்கார்ந்தது.

மாமனாரின் முகம் இளகியது. "இதுக்குத்தானா மாப்பிள்ளை காலையிலிருந்து பதறிக்கிட்டிருந்தீங்க? நான் என்னவெல்லாமோ நினைச்சுட்டேன்." பெட்டியைக் கையில் எடுத்தார். அத்தை பக்கம் திரும்பினார். "உனக்குத்தான். என் கையாலேயே திறக்கறேன்."

"மாமா, அதைத் திறக்காதீங்க!"

திறந்துவிட்டார்.

வெல்வெட்டின் மேல், ரோஜா இதழ் ஒன்று ஒட்டியபடி, நாற்பத்தாறாம் நம்பர் பல் செட் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

பக்கத்து மேஜையில் யாரோ ஒரு குழந்தை "பல்லு" என்றது. கைதட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். சர்வர் தன் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டார்.

மாமனார் பெட்டியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"மாமா, மன்னிச்சுடுங்க. நான் எதையும் வேணும்னு பண்ணலை. இதுதான் உங்க பல்லு. காலையில பெட்டி மாறிப்போச்சு. நான் கொண்டுவந்து குடுத்தது யாரோ நாற்பத்தேழாம் நம்பர் அம்மாவோடது. அதைப் போட்டுக்கிட்டு நீங்க கடிச்சா விழுந்துடும், பேசினா விழுந்துடும்னுதான் உருண்டையைப் பறிச்சேன், நுரை குடுக்கச் சொன்னேன், தண்ணியைக் கொட்டினேன். உங்க மானம் போயிடக் கூடாது, என் தொழில் மேல உங்களுக்கு வந்த நம்பிக்கை போயிடக் கூடாதுன்னுதான். இப்ப எல்லாம் போச்சு. அதைவிட, அந்தம்மா மாமா... இன்னிக்கு அவங்க வீட்டுலயும் விசேஷமாம். வாயை மூடாம சிரிக்கணும்னு ஆசைப்பட்டாங்களாம். அவங்க பல்லு உங்க வாயில இருக்கு. கழட்டிக் குடுங்க, ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

கையை நீட்டினார்.

மாமனார் வாயைத் திறந்தார். எதைக் கழற்றுவது என்று புரியாமல் மறுபடியும் மூடினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் விக்கல் போலிருந்தது. பிறகு அடக்க மாட்டாமல் வெடித்தது. கலகலவென்று, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலில் அப்படி ஒரு சிரிப்பை அந்த மேஜையில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் கேட்டதில்லை.

அத்தைதான். சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவி மடியில் கிடந்தது. அதை எடுத்து வாயை மூட அவர் மறந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளையின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மேல் வரிசை. இடது பக்கம். லேசாகத் திரும்பிய ஒரு கோரைப்பல். அவருக்கு அது எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"அந்தக் கோணப் பல்லு!" என்றார் மாமனார். அறிவிப்பாளர் குரல் எங்கோ போய், மாடிப்படிக்குக் கீழே நின்ற பையனின் குரல் வந்தது. "அதைப் பார்த்துத்தானே நான் சரின்னு சொன்னேன்... எப்படி வந்துச்சு?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, வாய் நிறையப் பேசினார்.

"அவர் வாயில இருக்கறது அவரோட பழைய பல்லுதான் மாப்பிள்ளை. பெட்டி மேல ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்த நம்பரைப் பார்த்ததும், எங்கிட்ட வாய் திறந்து கேட்காமலேயே கண்டுபிடிச்சு கொண்டுவந்து குடுத்துட்டீங்களேன்னு காலையிலிருந்து நான் அழுதுக்கிட்டிருக்கேன்."